சொல் பேச்சு கேட்காத மணி

தீபாவளி ராத்திரியில் சிவகாசிப் பக்கம் வந்து பாருங்கள். தெருவில் ஒரு நாய் கண்ணில் படாது. கட்டிலுக்கு அடியில், பீரோ சந்தில், பாத்ரூம் மூலையில், நிறுத்தி வைத்த லாரிக்குக் கீழே என்று எங்கேயாவது உடம்பைச் சுருட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கும். எங்கள் ஊருக்கே சோறு போடுகிற சத்தம், அதுகளுக்கு மட்டும் எமன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளியில், திருத்தங்கலில் எங்கள் தெரு நடுவே ஒரே ஒரு நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. எங்கள் மணி. அப்போது அவனுக்கு 7 மாதம். பக்கத்து வீட்டுப் பையன் பற்றவைத்துவிட்டு ஓடிய அணுகுண்டின் திரி, பொறி பறக்க எரிந்துகொண்டிருந்தது. மணிக்கு அது ஏதோ மின்மினிப்பூச்சி மாதிரி தெரிந்திருக்க வேண்டும். மூக்கை நீட்டிக்கொண்டு நேராக அதைப் பார்த்து நடந்தான்.

"மணீ... மணீ..." என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே சேர்ந்து கத்தியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அப்பாதான் திண்ணையிலிருந்து பாய்ந்து பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டு அவர் விழவும், அது வெடிக்கவும் சரியாக இருந்தது. அப்பாவுக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. மணி, மருந்துப் புகை மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டான். அவ்வளவுதான்.

"சொல் பேச்சு கேக்காத நாய வச்சுக்கிட்டு என்னைக்கு மாட்டப் போறீங்களோ" என்றார் எதிர்வீட்டு ஆச்சி.

அதுவரை நாங்கள் அவனைப் பெரிய வீரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கோயில் பொங்கலுக்கு வாணவேடிக்கை போட்டபோதுகூட அசையாமல் தூங்கியவன் ஆயிற்றே! கூப்பிட்டால் மட்டும் வரமாட்டான். "ராஜபாளையம் நாய்னா அப்படித்தான். ராஜா மாதிரி. அதுக்காத் தோணுனாத்தான் வரும்" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். ராஜபாளையத்தில் அவர் வீட்டில் பிறந்த குட்டி இவன். விலை பேசி வாங்கிப்போனவர்கள் மூன்றே வாரத்தில், 'மந்தமா இருக்கு' என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பெரியப்பா எங்கள் தலையில் கட்டினார். அவர் காசு வாங்கவில்லை. போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நாங்கள் வாங்கிப்போன அரைக் கிலோ பால்கோவாதான் மணியின் விலை.

மறுநாள் காலையில் அம்மாதான் முதலில் சந்தேகப்பட்டார். மணி அடுப்படி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தான். குக்கர் ஆறு விசில் விட்டது. காது மடல்கூட அசையவில்லை. அம்மா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டார். தரை அதிர்ந்ததில் கண் திறந்து பார்த்தான். அடுத்து, தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டியால் அடித்தார். ஒன்றுமில்லை. திரும்பவும் தூங்கிப்போனான்.

அம்மா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மணின்னு பேரு வச்சோமே..." என்றார்.

விருதுநகரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு காதும் பிறவியிலேயே போயிருக்கிறது என்றார். காரணத்தை அவர் விளக்கியபோதுதான், இது எங்கள் மண்ணின் பெருமையோடு ஒட்டிக்கொண்டே வந்த விஷயம் என்று புரிந்தது. ராஜபாளையம் நாயின் அழகே தூய வெள்ளை ரோமமும், இளஞ்சிவப்பு மூக்கும்தான். அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்திருக்கிறார்கள். தோலுக்கு நிறம் தருகிற செல்கள், உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரத்திலேயே சத்தத்தை உணர்கிற நுண்ணிய அணுக்கள் செத்துவிடுமாம். புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களிலும் இதே குறை அதிகம். உலகம் முழுக்கத் தெரிந்த சமாசாரம்தான். எங்களுக்குத்தான் தெரியவில்லை. "இவனை இனவிருத்திக்கு விடாதீங்க. மத்தபடி நல்லா இருப்பான். ஆனா கயிறு இல்லாம வெளிய விட்றாதீங்க" என்றார் மருத்துவர்.

வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. அம்மா 19 வருஷமாகப் பயராபீஸ் போகிறவர். (பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டிக்குத் தீப்பெட்டியாபீஸ்.) பேக்கிங் செக்‌ஷன். ஆபத்தை அவர் கணக்குப் போடுகிற விதமே வேறு. "லாரி ஹாரன் கேக்காது. வெடி கேக்காது. பயமில்லாத உசுரு இந்த ஊர்ல எத்தனை நாளைக்குத் தாங்கும்? பயம்தான பாப்பா நம்மள வீட்டுக்குக் கொண்டாந்து சேக்குது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் அப்பாவிடம் இருந்தது. அது அவருக்கே தெரியாது.

அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். 31 வருஷமாக நாலு கலர் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி வேலைக்கு ஆகாது. ஆடிப்பெருக்கு முடிந்து காலண்டர் சீசன் சூடு பிடித்துவிட்டால், ராத்திரி பகலாக ஓடும் மெஷினைச் சுற்றி எல்லாமே சைகைதான். கையை மடக்கி உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழ் நோக்கி அமுக்கினால் வேகம் குறை. இரண்டு விரலால் கண்ணைத் தொட்டுக் காட்டினால், 'ஷீட்டைப் பார், கலர் மாறுது'. வீட்டுக்கு வந்தாலும் அப்பாவுக்கு இந்தப் பழக்கம் போகாது. சாம்பார் போதும் என்பதற்குக் கையை மடக்கித் தூக்குவார். அவருக்கே இப்போது காது கொஞ்சம் மந்தம். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆக, வீட்டில் அவரும் மணியும் ஒரே கட்சி.

ஒருநாள் சாயங்காலம், இட்லித் தட்டை நோக்கி வந்த மணியைப் பார்த்து, அப்பா பழக்க தோஷத்தில் கையை மடக்கி உயர்த்தினார். மணி நின்றான். அப்பாவையே பார்த்தான். அப்பா, உள்ளங்கையைக் கீழே அமுக்கினார். அவன் தலையைச் சாய்த்து யோசித்தான். அப்பா ஒரு துண்டு இட்லியைக் காட்டி மறுபடி அமுக்கியதும், முன்னங்காலை மடக்கிப் படுத்தேவிட்டான். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் வேலை பார்க்கும் டிஜிட்டல் டெஸ்க்கில் இந்த மாதிரி வீடியோ வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'நெகிழ்ச்சி' என்று தலைப்பு வைத்துவிடுவோம். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் தெரிந்தது.

பிறகு இணையத்தில் தேட ஆரம்பித்தேன். நாய்களுக்குக் 'கீழ்ப்படிதல் போட்டி' என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. ஒபீடியன்ஸ் என்பார்கள். அழகுப் போட்டி மாதிரி உயரம், பல்வரிசை, வால் வளைவெல்லாம் இதில் மதிப்பெண் கிடையாது. நாயும் அதை நடத்துகிறவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்கு மட்டும்தான். காலோடு ஒட்டி நடப்பது, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பது, படுத்திருப்பது, தூரத்திலிருந்து கூப்பிட்டதும் வந்து நேர் எதிரே உட்காருவது, இதெல்லாம் அடிப்படை.

இதைத் தொடங்கி வைத்தவரின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி. பூடில் வளர்த்தவர். 'பூடிலா, அது வெறும் அலங்கார நாய்' என்று மற்றவர்கள் கேலி செய்ய, அதற்கும் மூளை இருக்கிறது என்று காட்டுவதற்காகவே 1933-ல் நியூயார்க் அருகே மவுண்ட் கிஸ்கோவில் ஒரு போட்டியை நடத்தினார். அங்கிருந்துதான் அமெரிக்காவில் இந்தப் போட்டி பரவியது. நம் நாட்டில் 1896-ல் தொடங்கி, இப்போது சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திய கென்னல் கிளப்பும் ஒபீடியன்ஸ் பிரிவு வைத்திருக்கிறது.

'அலங்கார நாய்' என்று பூடிலைச் சொன்ன மாதிரியே, 'பழக்க முடியாத நாய்' என்று நம் ராஜபாளையத்தைச் சொல்கிறார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். கிரேஹவுண்டு, ஆப்கன் ஹவுண்டு எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிறவை. 1994-ல் ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர், எந்த நாய் சொன்னதைச் சீக்கிரம் செய்கிறது என்று ஒரு புத்தகத்தில் வரிசைப்படுத்தினார். முதலிடம் பார்டர் கோலி. கடைசி இடம் ஆப்கன் ஹவுண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்ணால் வேட்டையாடுகிற நாயைக் காதால் பழக்குகிறோம். வரமாட்டேன் என்கிறது. 'திமிர்' என்கிறோம். மணியிடம் காது வழி அடைத்திருந்ததால், எங்களுக்குக் கண் வழியைத் தவிர வேறு வழியில்லை. அது அவனுக்குப் பிறப்பிலேயே வந்த வழி.

ஒபீடியன்ஸில் என்னைக் கவர்ந்த இன்னொரு விஷயம், அமெரிக்கப் போட்டிகளின் உயர்நிலைப் பிரிவில் 'சிக்னல்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் வாயைத் திறக்கவே கூடாது. நில், படு, உட்கார், வா எல்லாமே கைதான். சாதாரண நாய்கள் வருஷக்கணக்கில் பழகி எட்டுகிற அந்த இடத்தில்தான் எங்கள் மணி அரிச்சுவடியே படிக்க ஆரம்பித்திருக்கிறான்! அங்கே இப்போது காது கேளாத நாய்களும் போட்டியில் இறங்கலாம்.

ரேலி என்று இன்னொன்றும் உண்டு. கார் பந்தய ரேலி மாதிரியே. மைதானத்தில் வரிசையாக அட்டைகள் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. 'வலது பக்கம் திரும்பு', 'நின்று உட்கார வை', 'நாயைச் சுற்றி வா', 'மெதுவாக நட'. படித்துப் படித்துச் செய்துகொண்டே போக வேண்டும். ஒபீடியன்ஸில் ஒரு தடவை சொன்னால் ஒரு தடவைதான், கூடக் கொஞ்சக்கூட முடியாது. ரேலியில் பேசலாம், கைதட்டலாம், வழி நெடுக உற்சாகப்படுத்திக்கொண்டே போகலாம். பட் கிரேமர் என்பவர் உருவாக்கிய விளையாட்டு. 2005 ஜனவரி 1 முதல் அமெரிக்க கென்னல் கிளப் இதற்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அதே ஜனவரி 9-ம் தேதி நம் அஞ்சல் துறை, ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு மட்டும் ஏதோ சம்பந்தம் இருப்பதாகப் பட்டது.

எங்கள் ஊரில் ரேலிக்கு எங்கே போவது? ஆனால் அட்டை அடிக்கிற ஊரில் அட்டைக்கா பஞ்சம்! நான் போனில் காட்டிய படங்களைப் பார்த்து, அப்பா பிரஸ்ஸில் வீணாய்ப்போன ஆர்ட் போர்டு ஷீட்டுகளை வெட்டி எடுத்து வந்தார். பெரிய அம்புக்குறிகளும் தமிழ் எழுத்துகளுமாக மொத்தம் 14 அட்டைகள் தயாராயின. 'உட்கார்' அட்டையைத் திருப்பினால் குருவி வெடி லேபிள். 'இடம் திரும்பு' அட்டைக்குப் பின்னால் பாதி மகாலட்சுமி. அப்பா அந்த அட்டையை மட்டும் தரையில் வைக்கச் சம்மதிக்கவில்லை. செங்கலுக்கு மேல்தான் நிற்கும்.

தினமும் காலையில் ஊருக்கு வெளியே பொட்டல் மைதானத்தில் பயிற்சி. நான் பாதி வாரம் சென்னை அலுவலகம், பாதி வாரம் வீட்டிலிருந்து வேலை என்பதால், இல்லாத நாள்களில் அப்பா பார்த்துக்கொள்வார். இரண்டு விரலால் கண்ணைத் தொட்டால், 'என்னைப் பார்'. இதுதான் முதல் பாடம். மணி பார்க்கவில்லை என்றால் மற்ற எந்தச் சைகைக்கும் அர்த்தமில்லை. கட்டை விரலை உயர்த்தினால், 'சபாஷ்', உடனே அவித்த ஈரல் ஒரு துண்டு. நெஞ்சில் கை வைத்தால், 'வா'. உள்ளங்கையை முகத்துக்கு நேரே காட்டினால், 'இங்கேயே இரு'. இரண்டு கையையும் அகல விரித்தால், 'முடிந்தது, வரலாம்'. இருட்டில் டார்ச்சை இரண்டு தடவை அணைத்து அணைத்து எரிய விட்டால், எங்கிருந்தாலும் வர வேண்டும். தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிடுவான் என்பதால், மூக்கருகே ஈரலைக் காட்டி, பிறகு தோளில் தொடுவது என்று அதையும் பழக்கினோம். மூன்று மாதத்தில் கயிறில்லாமல் காலோடு ஒட்டி நடந்தான். முகத்தை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டு அவன் நடக்கிற வீடியோவுக்கு வந்த பார்வைகளை நினைத்தால், இன்றைக்கும் கொஞ்சம் கர்வம்தான். மதுரையில் நடக்கப்போகும் ஒரு நாய்க் கண்காட்சியில் ஒபீடியன்ஸ் பிரிவு இருப்பதாகத் தெரிந்ததும், பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது.

காலை எட்டே முக்கால் இருக்கும். மணியை ஒரு கூம்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, உள்ளங்கையைக் காட்டி, 'இரு' என்றுவிட்டு முப்பதடி தள்ளிப் போயிருந்தேன். போட்டியில் 2 நிமிடம் படுத்திருக்க வேண்டும். நாங்கள் 3 நிமிடம் பழகிக்கொண்டிருந்தோம்.

முதலில் காலில்தான் தெரிந்தது. தரை ஒரு தடவை தூக்கிப் போட்ட மாதிரி. பிறகுதான் சத்தம். மணியும் அதிர்வை உணர்ந்து தலையைத் தூக்கினான். தெற்கே, பனை மரங்களுக்குப் பின்னால் வெள்ளைப் புகை எழும்பியது.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு வெடிச் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். கோயில் வெடி வேறு, கம்பெனியில் சோதனைக்குப் போடுகிற வெடி வேறு, இது வேறு. காலை நேரம் மருந்து கலக்கிற நேரம். புகை வந்த திசையில்தான் அம்மாவின் ஆபீஸும். ஏழேகால் வேனில் போனவர். ஆலைக்குள் செல்போன் அனுமதி இல்லை. கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் தாய்மார்களும் பிள்ளைகளும் மாறி மாறித் தேடிக்கொண்டு ஓடிய காட்சி, அந்த ஒரு விநாடியில் அப்படியே வந்து நின்றது.

ஓடினேன். வீடு, அப்பா, வண்டிச் சாவி. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தெரிந்த எண்களை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அலுவலகத்திலிருந்து போன். "நீங்க சிவகாசிதானே? ஏதாவது தெரியுமா? ஒரு பிரேக்கிங் போடலாமா?" என்னுடைய வேலை அதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 'சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து' என்று டைப் செய்தேன். இந்த வரியை எத்தனை தடவை டைப் செய்திருப்பேன்! அதற்கு அடுத்த சொல்லாக எண்ணிக்கை வரும். அன்றைக்கு விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஒன்பதரை மணி வாக்கில் அப்பா கூப்பிட்டார். "அம்மா நல்லா இருக்கா. வேற ஆபீஸு. ரெண்டு ரூம்பு தரைமட்டம். ஆளுக டீ குடிக்க வெளிய வந்த நேரமாம். ரெண்டு பேருக்குத் தீக்காயம்." போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து முகம் கழுவப் போனபோதுதான், சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்தேன்.

மணி!

மைதானத்துக்கு ஓடிய அந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் சொல்ல. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் பறந்துகொண்டிருந்த மெயின் ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. அவனுக்கு சைரன் கேட்காது. நான் கூப்பிட்டாலும் கேட்காது.

கூம்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தான்.

கூம்பின் நுனியைக் கடித்துத் துப்பியிருந்தான். உடம்பை மட்டும் நான் ஓடிப்போன பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். "நானும் பாத்துக்கிட்டே இருக்கேன் தாயி. ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு நின்னு அங்கிட்டே பாத்துச்சு. மறுபடி அதே எடத்துல படுத்துக்கிருச்சு" என்றார், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா. முக்கால் மணி நேரம்.

என்னைக் கண்டதும் வாலால் தரையை அடித்தான். ஆனால் எழவில்லை. ஏன் எழவில்லை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான் இன்னும் கையை விரிக்கவில்லை.

இந்தக் கதையை வெளியில் சொன்னால் எல்லாரும் 'என்ன விசுவாசம்' என்று உருகுகிறார்கள். நடந்தது வேறு. மறுநாளிலிருந்து மணி 'இரு' என்பதை மறந்துபோனான். மறந்துபோனான் என்பதுகூடத் தப்பு. மறுத்துவிட்டான். உள்ளங்கையைக் காட்டிவிட்டு நான் முதுகைத் திருப்பினால் போதும், எழுந்து பின்னாலேயே வந்துவிடுவான். திரும்பவும் படுக்க வைத்தால், முனகிக்கொண்டே ஊர்ந்து வருவான். மற்ற நாய்க்கு எஜமானர் சுவருக்கு அந்தப் பக்கம் போனாலும் காலடிச் சத்தம் இருக்கிறது, இருமல் இருக்கிறது, சாவிக்கொத்து இருக்கிறது. மணிக்கு நான் கண்ணை விட்டு மறைந்தால், உலகத்தில் நான் இல்லை. அப்படி ஒரு முக்கால் மணி நேரம் அவனை உட்கார வைத்திருக்கிறேன். போட்டிக்கு ஏழு வாரம்தான் இருந்தது. பெயரை எடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கை மடக்கி உயர்த்தினார்: நிறுத்து, அவசரப்படாதே.

வழி சொன்னவர் அம்மா. அதுவரை இந்தப் பயிற்சியை எல்லாம் 'வேலையத்த வேலை' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "நீ ஏன் முதுகக் காட்டுற? அவனப் பாத்துக்கிட்டே பின்னால நட" என்றார். மூன்று விநாடி, ஓரடி. அங்கிருந்து திரும்பத் தொடங்கினோம். அடுத்த வாரம் பத்து விநாடி. ஆபீஸ் விட்டு ஆறரை மணிக்கு வந்ததும், கையில் ஒட்டிய அலுமினியப் பவுடர் முழுக்கப் போகாமலே, அம்மா படியில் உட்கார்ந்துகொள்வார். நான் அவனைப் படுக்க வைத்துவிட்டுக் கதவு வரை போவேன், வருவேன். நான் கண்ணில் படாத அந்த விநாடிகளில் அம்மா அவன் பார்வையில் இருப்பார். போகிறவர்கள் வருவார்கள் என்பதை அவனுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்க நாங்கள் மூன்று பேர் தேவைப்பட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் நண்பர் ஒருவருடைய லோடு வேனில் மதுரைக்குப் போனோம். கண்காட்சி மைதானம் முழுக்க அழகழகான ராஜபாளையங்களும் சிப்பிப்பாறைகளும் கன்னிகளும் நின்றன. 2020-ல் பிரதமர் வானொலியில் பெயர் சொல்லிப் பேசியதிலிருந்து நாட்டு நாய்களுக்குக் கொஞ்சம் மவுசு கூடியிருக்கிறது. ஆனால் எல்லாம் அழகுப் பிரிவில்தான். எங்கள் ஒபீடியன்ஸ் பிரிவில் மொத்தம் ஏழு. லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டுமாக ஐந்து, ஒரு டாபர்மேன், மணி. காது கேளாத நாய் என்று முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். "கை சைகை தாராளமா காட்டலாம். ஆனா சொல்றதுக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான்" என்றார் நடுவர். சலுகை காட்டாததற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

காலோடு நடப்பதில் மணி ஜமாய்த்தான். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. திரும்பும் இடங்களில் என் இடுப்பு திரும்புவதற்குள் அவன் திரும்பினான். 'வா' என்று நெஞ்சில் கை வைத்ததும் பாய்ந்து வந்தவன், உட்காரும்போது மட்டும் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தான். ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பதும் தேறிவிட்டது.

கடைசியாக 2 நிமிடப் படுக்கை. ஏழு நாய்களும் வரிசையாகப் படுத்திருக்க, நாங்கள் எதிர்வரிசையில் அவற்றைப் பார்த்தபடி நின்றோம். ஒரு நிமிடம் ஆனது. மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை நிமிடம் இருக்கும், ரிங்குக்கு உள்ளே இருந்த உதவியாளர் ஒருவர், நாங்கள் நிற்கும் வரிசைக்கும் நாய்களுக்கும் நடுவே குறுக்கே நடந்து வந்து, சரியாக எங்கள் இருவருக்கும் இடையில் நின்றார். கையில் இருந்த அட்டையில் எதையோ எழுதினார். சில விநாடிகள்தான்.

அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் முதலில் ஒரு வெள்ளைக் காது தெரிந்தது. பிறகு இளஞ்சிவப்பு மூக்கு. மணி எழுந்து நின்று, அவரைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நான் எதுவும் காட்டாமலே, அதே இடத்தில் மறுபடி படுத்தான்.

எழுந்தது எழுந்ததுதான். அந்தப் பகுதி மதிப்பெண் போனது. ஏழு பேரில் நான்காவது. மூன்று பேருக்குத்தான் பரிசு.

வேனில் ஏறும்போது எனக்கு முகம் செத்துப்போயிருந்தது. அந்த ஆள் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் என்று திருமங்கலம் தாண்டும் வரை புலம்பிக்கொண்டே வந்தேன். மணி, அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்து, "நல்லவேளை எந்திரிச்சான்" என்றார்.

"என்னம்மா சொல்ற?"

"ஆளக் காணோமேன்னு எந்திரிச்சுப் பாக்காம படுத்தே கெடந்தா, அது நாயா பொம்மையா? பாத்தான்ல... இருக்கேன்னு தெரிஞ்சதும் படுத்துக்கிட்டான்ல... பெறகென்ன?"

அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பி, "என்னது?" என்றார். வேன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அம்மா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். மகாலட்சுமி அட்டை மழையில் நனைந்துவிட்டதால், அப்பா புதுசு அடித்துக் கொடுத்திருக்கிறார். போன தீபாவளிக்கு, இங்கே வெடிக்க அனுமதித்த காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 ஆகிய இரண்டு மணி நேரமும் மணியைக் கயிற்றோடு திண்ணையில்தான் வைத்திருந்தோம். தெருவில் தரைச்சக்கரம் சுற்றியபோது இழுத்துக்கொண்டு எழுந்தான். அப்பா கண்ணைத் தொட்டுக் காட்டியதும், திரும்பி அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தான்.

இப்போதெல்லாம் காலை ஏழேகாலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது, அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறார். மணிக்கு நேராக உள்ளங்கையைக் காட்டுகிறார். அவன் ஒன்றும் சாயங்காலம் வரை அங்கேயே கிடப்பதில்லை. வீடெல்லாம் சுற்றுவான், என் லேப்டாப் வயரைக் கடிப்பான், தூங்குவான். ஆறே கால் ஆனால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. வாசற்படிக்குப் போய் தெருமுனையைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். வேன் நின்று, நாலைந்து பெண்கள் இறங்குவார்கள். மணி எழ மாட்டான். கடைசியாக அம்மா இறங்கி, தூக்குவாளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரிப்பார்.